ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் கால்ல ரத்தம் கட்டுறது: கூட இருந்து பாத்துக்கிறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

எங்க பெரியப்பா இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் பண்ணி வீட்டுக்கு வந்தவரு. பதினெட்டாவது நாள் காலைல பாத்ரூம் போயிட்டு வந்து கட்டில்ல உக்காந்து "என்னமோ மூச்சு வாங்குதுடா"ன்னாரு, பெரியம்மா காபி எடுத்துட்டு வர்றதுக்குள்ள சாஞ்சிட்டாரு. ஊரே மாரடைப்புன்னு சொல்லுச்சு, நாங்களும் அப்படித்தான் நம்புனோம். நாலு நாளாவே இடது கால் தண்டியா வீங்கி இருந்துச்சுன்னு காரியத்தன்னைக்கு பெரியம்மா பேச்சுவாக்குல சொன்னாங்க, வீக்கம் வடியட்டுமேன்னு தினமும் ராத்திரி நல்லெண்ணெய் போட்டு நீவி விட்டேன்னும் சொன்னாங்க. ரொம்ப நாள் கழிச்சு தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்ட இத சொன்னப்பதான், கால்ல கட்டுன ரத்தம் நுரையீரலுக்கு போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு அவரு சொன்னாரு. பெரியம்மாகிட்ட இத நான் இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

அப்புறம் எங்க அம்மாவுக்கு முட்டி மாத்துற ஆபரேஷன் சென்னைல நடந்துச்சு, நானும் அக்காவும் மாத்தி மாத்தி அட்டெண்டரா இருந்தோம். அப்போ கேட்டு, படிச்சு, பாதி தப்பும் பண்ணி கத்துக்கிட்டதுதான் இது. நான் டாக்டர் இல்ல. மாத்திரையோட அளவெல்லாம் கீழ சொல்லிருக்கேன், அது டாக்டர் எழுதுன சீட்ட புரிஞ்சுக்கிறதுக்குத்தான், நீங்களா கடைல வாங்கி போடுறதுக்கு இல்ல.

என்னதான் நடக்குது உள்ள

1856லயே ஜெர்மனில ருடால்ஃப் விர்ஹோன்னு ஒரு டாக்டர், கால்ல கட்டுற ரத்தம் பிச்சுக்கிட்டு போயி நுரையீரல அடைக்கும்னு விளக்கி எழுதிட்டாரு. அவரு பிறந்த அக்டோபர் 13ஆம் தேதியத்தான் இப்போ உலக ரத்த உறைவு தினம்னு வச்சிருக்காங்க. ரத்தம் உறையறதுக்கு மூணு காரணம்னு அவரு பேர்ல இன்னைக்கும் மெடிக்கல் காலேஜ்ல சொல்லித்தர்றாங்க: ரத்தம் ஓடாம தேங்குறது, குழாயோட உள்சுவர் அடிபடுறது, ரத்தமே உறையத் தயாரா இருக்கிறது. ஆபரேஷன்ல இந்த மூணும் ஒரே நேரத்துல நடக்குது பாருங்க, அதான் விஷயம். ஆள் அசையாம படுத்திருக்காங்க, அறுக்குறப்போவும் எலும்ப திருப்புறப்போவும் ரத்தக்குழாய் அடிவாங்குது, காயம் பட்டுருச்சு ரத்தத்த நிறுத்தணும்னு உடம்பும் உறையவைக்கிற வேலைய முடுக்கி விட்டுருது. முட்டி ஆபரேஷன்ல பல டாக்டருங்க தொடைய இறுக்கி ரத்தத்த நிறுத்தி வச்சிட்டுத்தான் வேலை பாப்பாங்க, அது வேற.

இன்னொன்னு, நம்ம ஆடுசதை இருக்கே, கெண்டைக்கால், அது ஒரு பம்பு மாதிரி. நடக்குறப்போ அது இறுகி இறுகி ரத்தத்த மேல தள்ளுது, நடக்கலேன்னா கீழயே குளம் கட்டுன மாதிரி நிக்கும். அங்க உருவாகுற கட்டிக்கு டி.வி.டின்னு பேரு, ஆழத்துல இருக்குற ரத்தக்குழாய்ல வர்றதால மேல இருந்து பாத்தா தெரியாது. அது உடைஞ்சு கிளம்புச்சுன்னா தொடை, வயிறு, இதயத்தோட வலது பக்கம்னு போயி நேரா நுரையீரல்ல போயி சொருகிக்கும், அதுக்குத்தான் பல்மனரி எம்போலிசம், சுருக்கமா பி.இ. சின்னதா இருந்தா லேசா மூச்சு வாங்குறதோட போயிரும், பெருசா இருந்தா பெரியப்பா கதைதான்.

எந்த நாள்ல பயப்படணும்

இதத்தான் நான் எல்லார்கிட்டயும் தொண்டை வத்த சொல்றது. ஆஸ்பத்திரில இருக்குற அந்த நாலு நாளுதான் ஆபத்துன்னு நெனச்சுட்டு டிஸ்சார்ஜ் ஆனதும் நாம அக்கடான்னு மூச்சு விட்டுர்றோம், ஆனா இது அப்படி கணக்கு பாத்து வர்றதில்ல. இங்கிலாந்துல கிட்டத்தட்ட ஒன்பதரை லட்சம் நடுவயசு பெண்கள வச்சு பண்ணுன ஒரு ஆய்வு 2009ல வந்துச்சு. ஆஸ்பத்திரில தங்கி ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல 140 பேருக்கு ஒருத்தர் வீதம் 12 வாரத்துக்குள்ள ரத்தக்கட்டிக்காக ஆஸ்பத்திரிக்கு போயிருக்காங்க இல்ல இறந்திருக்காங்க, ஆபரேஷனே இல்லாதவங்கள்ல அதே 12 வாரத்துல 6,200 பேருக்கு ஒருத்தர்தான். முட்டி, இடுப்பு மாத்துனவங்கள்ல 45 பேருக்கு ஒருத்தர், புற்றுநோய் ஆபரேஷன்ல 85 பேருக்கு ஒருத்தர். அதோட ஆபத்து உச்சத்துல இருந்தது எப்போ தெரியுமா, மூணாவது வாரத்துல. அதாவது நர்ஸ் கிடையாது, டாக்டர் ரவுண்ட்ஸ் கிடையாது, வீட்ல டிவி ஓடிக்கிட்டிருக்கு, அப்போ. காவலுக்கு இருக்குறது நீங்க மட்டும்தான்.

முதல் வேலை: அட்மிஷனுக்கு முன்னாடி வாய தொறந்து எல்லாத்தையும் சொல்லிருங்க

டாக்டருங்க காப்ரினி ஸ்கோர்னு ஒரு மார்க் போட்டு ஆபத்த எடை போடுவாங்க. 41லேர்ந்து 60 வயசுக்குள்ளன்னா 1, 61லேர்ந்து 74க்குள்ளன்னா 2, 75க்கு மேலன்னா 3. முன்னாடி ரத்தம் கட்டியிருந்தா 3, புற்றுநோய் இருந்தா 2, முட்டி இடுப்பு மாத்துற ஆபரேஷன்னா அதுக்கே 5. அஞ்சும் அதுக்கு மேலயும் போனா ஹை ரிஸ்க். எங்க அம்மாவுக்கு 66 வயசு, உடம்பு வெயிட் வேற, வெரிகோஸ் நரம்பு வேற, ஆக கூட்டிப் பாக்கவே தேவையில்ல.

பிரச்சனை என்னன்னா டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடி நாமளா சொல்ல வேண்டியது நெறைய இருக்கு, "வேற ஏதாச்சும் வியாதி இருக்கா"ன்னு கேட்டா சுகர் பிரஷர் மட்டும் சொல்லிட்டு வந்துர்றோம். சித்தி, மாமான்னு குடும்பத்துல யாருக்காச்சும் கால்ல ரத்தம் கட்டுச்சா, பெண்கள்னா திரும்பத் திரும்ப கரு கலைஞ்சிருக்கா, மாதவிடாய் தள்ளிப்போட இல்ல கருத்தடைக்குன்னு ஹார்மோன் மாத்திரை போடுறாங்களா, மார்பக புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் ஓடுதா, இதெல்லாம் கண்டிப்பா சொல்லணும். கல்யாணம் காதுகுத்துக்காக தள்ளிப்போடுற மாத்திரைய யாரும் மருந்தாவே கணக்குல எடுக்கிறதில்ல, அதனால தனியா கேளுங்க. ஹார்மோன் மாத்திரைய பெரிய ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்றது உண்டு, அத அவங்க முடிவு பண்ணட்டும்.

அதே மாதிரி ஏற்கனவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறைய விடாத மாத்திரை எது போட்டாலும் சொல்லணும். நாட்டு மருந்து, லேகியம் எது ஓடுனாலும் பாட்டிலோட காட்டிருங்க. கிட்னி சரியில்லேன்னா ரத்தம் உறையாம இருக்க போடுற ஊசி உடம்புலயே தங்கி அதிகமாயிரும், அதனால கிரியேட்டினின் ரிப்போர்ட் பழசு இருந்தாலும் கைல வச்சிருங்க.

இடுப்பு எலும்பு முறிஞ்ச வயசானவங்களுக்கு மட்டும் இந்த அவகாசமெல்லாம் கிடையாது. கீழ விழுந்து படுத்த அன்னைக்கே தேக்கம் ஆரம்பிச்சிருது. பெரியப்பாவுக்கு முதல்ல ஒரு வாரம் கட்டு போட்டு பாப்போம்னு சொந்தக்காரங்க அலைஞ்சாங்க, அந்த ஒரு வாரமும் அவரு கால அசைக்காம படுத்துதான் கிடந்தாரு. ஆபரேஷன் தாமதமானா கட்டி ஆபரேஷனுக்கு முன்னாடியே உள்ள உக்காந்திருக்கலாம்.

ரெண்டாவது: ஆபரேஷன் அன்னைக்கு கேக்க வேண்டியது

டாக்டர பாத்தாலே நமக்கு வாய் அடைச்சிரும், அதனால ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சுக்கோங்க. ரத்தம் கட்டாம இருக்க என்ன குடுக்கப் போறீங்க, முதல் டோஸ் எப்போ, மொத்தம் எத்தன நாள். கடைசி கேள்விதான் முக்கியம், அதுக்கு வர்ற பதில மொபைல்ல டைப் பண்ணி வச்சுக்கோங்க.

முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வைக்கிறாங்கன்னா, அதோட வலிக்கு மருந்து விட மெல்லிசா ஒரு டியூப் முதுகுலயே இருந்துச்சுன்னா, ரத்தம் மெலிசாக்குற ஊசிக்கும் அந்த டியூப போடுறது எடுக்குறதுக்கும் நடுவுல நேரக்கணக்கு உண்டு. ரத்தம் கட்டாம இருக்க எனாக்ஸாபாரின்ங்கிற ஊசிய தடுப்பு அளவுல போட்டா 12 மணி நேரம் கழிச்சுத்தான் டியூப எடுப்பாங்க, எடுத்து 4 மணி நேரமாவது போனப்புறம்தான் அடுத்த ஊசி. இது தப்புனா முதுகுத்தண்டுகிட்ட ரத்தம் கசிஞ்சு கால் வெளங்காம போற அளவுக்கு வரலாம். நர்ஸ் ஊசியோட வந்தா "டியூப் இன்னும் முதுகுல இருக்கு, போடலாமா சிஸ்டர்"னு ஒரு வார்த்தை கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

சாக்ஸ் விஷயம். இறுக்கமா வெள்ளை கலர்ல ஒரு ஸ்டாக்கிங் மாட்டி விடுவாங்க, சில இடத்துல காத்தடிச்சு கால அமுக்கி விடுற பம்ப் மெஷினும் வைப்பாங்க. மெஷின் நல்லது, சத்தத்துக்கு தூக்கம் வரலேன்னு அம்மா கழட்டச் சொல்லி ஒரே அடம், நான்தான் விடல. ஸ்டாக்கிங் அப்படி ஒண்ணும் மந்திரம் கிடையாது. பக்கவாத நோயாளிகள வச்சு 2009ல வெளிவந்த பெரிய ஆய்வுல அது டி.வி.டிய குறைக்கவே இல்ல, தோல்தான் புண்ணாச்சு. பிரிட்டன்ல ரத்தம் கட்டாம இருக்க ஊசி போட்ட ஆபரேஷன் நோயாளிங்ககிட்ட 2020ல பாத்தப்போவும் ஊசியோட ஸ்டாக்கிங்கும் சேத்து போட்டதால பெருசா லாபம் தெரியல. மாட்டுனா அளவெடுத்து மாட்டணும், மேல சுருண்டு ரப்பர் பேண்ட் மாதிரி தொடைய இறுக்கிச்சுன்னா அதுவே ரத்தத்த தேக்கிரும். ரொம்ப நாள் சுகர் இருந்து பாதத்துல ரத்த ஓட்டம் கம்மியா இருக்கிறவங்களுக்கு போடவே கூடாது, மத்தவங்களுக்கும் தினமும் ஒரு தடவ கழட்டி குதிகால பாருங்க.

மூணாவது: வார்டுல

நடக்கணும். அவ்வளவுதான், ஆனா இத நம்ம ஊர்ல நடத்திக் காட்டுறதுக்குள்ள உயிர் போயிரும். பாக்க வர்ற ஒவ்வொருத்தரும் ஆரஞ்சு ஜூஸ் ஒரு கைல, "பெரிய ஆபரேஷன், கால அசைக்காத, படு படு"ன்னு அட்வைஸ் ஒரு கைல. பிசியோதெரபி பையன் அதே நாள் இல்ல மறுநாளே வாக்கர் குடுத்து நிக்க வைப்பாரு, அவர பாத்து "கொஞ்சம்கூட ஈவு இரக்கமே இல்ல"ன்னு எங்க சின்னம்மா சண்டைக்கு போயிட்டாங்க. வலி இருந்தா நடக்க மாட்டாங்க, அதனால வலி மாத்திரைய பொறுத்துக்கலாம்னு தள்ளிப்போடாம நடைக்கு அரை மணி நேரம் முன்னாடி வர்ற மாதிரி கேட்டு வாங்கிக்கோங்க. படுத்திருக்குறப்போ பாதத்த பிரேக் மிதிக்கிற மாதிரி முன்னாடி அழுத்தி பின்னாடி இழுக்குறது, முழிச்சிருக்குற ஒவ்வொரு மணி நேரமும் ஒரு இருபது தடவ. அம்மாவுக்கு சீரியல் விளம்பரம் வந்தா பாதம் ஆட்டணும்னு கணக்கு வச்சோம், வேற எந்த அலாரமும் அப்படி வேலை செய்யல. முட்டிக்கு அடில தலகாணி வைக்காதீங்க, அது சுகமாத்தான் இருக்கும், ஆனா முட்டிக்கு பின்னாடி ரத்தக்குழாய அமுக்கும், காலும் நேராகாது.

தண்ணி. இதப்பத்தி யாருமே வெளிப்படையா பேச மாட்டேங்கிறாங்க. நம்ம அம்மாங்க எல்லாம் ஆஸ்பத்திரில வேணும்னே தண்ணி குடிக்க மாட்டாங்க, ஏன்னா குடிச்சா ஒண்ணுக்கு வரும், வந்தா பெட்பேன் கேக்கணும், பெத்த பையன் இருக்குறப்போ எப்படி கேக்குறது. அம்மா ஒரு பகல் முழுக்க அரை லிட்டர்தான் குடிச்சிருந்தாங்க, அக்கா வந்து பாத்துட்டு என்ன திட்டுன திட்டு. உடம்பு வறண்டா ரத்தம் கெட்டியாகும். பெண் நோயாளின்னா பெண் யாராச்சும் ஒருத்தர் கூட இருக்குற மாதிரி பாத்துக்கோங்க, கம்மோடு நாற்காலி வாடகைக்கு கிடைக்கும், வாங்கி பக்கத்துல போட்டுருங்க. இதயம், கிட்னி பிரச்சனைக்காக தண்ணி அளவு சொல்லியிருந்தா மட்டும் அந்த அளவுக்குள்ள.

நாலாவது: ஊசியும் மாத்திரையும்

வழக்கமா ஆஸ்பத்திரில எனாக்ஸாபாரின் 40 மி.கி ஊசி தினம் ஒண்ணு போடுவாங்க. வீட்டுக்கு போறப்போ சில டாக்டருங்க ஊசியவே தொடரச் சொல்வாங்க, சிலர் ரிவராக்ஸபான் 10 மி.கி தினம் ஒண்ணு, சிலர் அபிக்ஸபான் 2.5 மி.கி ரெண்டு வேளை, சிலர் கொஞ்ச நாள் கழிச்சு ஆஸ்பிரினுக்கு மாத்துவாங்க. முட்டிக்கு ரெண்டு வாரம் பக்கம், இடுப்புக்கு 35 நாள் வரைக்கும், வயித்துல புற்றுநோய் ஆபரேஷன்னா நாலு வாரம். பக்கத்து பெட்டுக்காரருக்கு வேற குடுக்குறாங்களேன்னு குழம்ப வேணாம்.

வீட்ல ஊசி போடுறதா இருந்தா: வயித்துல தொப்புள்ல இருந்து ரெண்டு இன்ச் தள்ளி, ஒரு நாள் வலது பக்கம் மறுநாள் இடது பக்கம். தோல மடிச்சுப் புடிச்சு ஊசிய நேரா முழுசா ஏத்தணும், மருந்து போயி முடியுற வரைக்கும் மடிப்ப விடக்கூடாது. ரெடியா நெறச்சு வர்ற சிரிஞ்சுல ஒரு காத்துக் குமிழி இருக்கும், அத வெளிய தள்ளாதீங்க, அது கடைசி சொட்டு மருந்த உள்ள தள்ளுறதுக்கு. போட்டப்புறம் தேய்க்கக் கூடாது, தேய்ச்சா நீலம் பாய்ஞ்சிரும். கொஞ்சம் நீலம் எப்படியும் வரும், அம்மா வயிறு அந்த வாரம் உலக மேப் மாதிரி இருந்துச்சு. இந்த மருந்து பன்றிக் குடல்ல இருந்து எடுக்குறது, அது கூடாதுன்னு நினைக்கிற குடும்பமா இருந்தா முன்கூட்டியே சொல்லிருங்க, ஃபோண்டாபாரினக்ஸ்னு ஆய்வகத்துல செய்யுற மருந்தும் இருக்கு, ஒத்துவருமான்னு டாக்டர் பாப்பாரு.

கவனிக்க வேண்டியது ரத்தக் கசிவு. தார் மாதிரி கறுப்பா மலம், சிறுநீர்ல ரத்தம், நிக்காத மூக்குல ரத்தம், கட்டு நனையுறது, இப்படி எதுனாலும் உடனே போன். முட்டி வலிக்குதேன்னு கடைல டைக்ளோஃபெனாக் வாங்கி கூடவே போடுறது இன்னும் மோசம், வயித்துல கசிய வச்சிரும். காசநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை ஓடுறவங்களுக்கு ரிவராக்ஸபான் சரியா புடிக்காம போகலாம், சொல்லிருங்க. ஊசி தொடங்கி அஞ்சு நாள் தாண்டுனா பிளேட்லெட் எண்ணிக்கைய ஒரு தடவ பாக்கச் சொல்லலாம், அபூர்வமா எனாக்ஸாபாரின் மாதிரி ஹெப்பரின் வகை மருந்தே பிளேட்லெட்ட குறைச்சு எதிர்மாறா ரத்தத்த கட்ட வைக்கும்.

இப்போ நாங்க பண்ணுன தப்பு. டிஸ்சார்ஜ் சம்மரில தெளிவா 14 நாள்னு போட்டிருந்துச்சு. கீழ மருந்துக்கடைல பில் போட்டவரு அஞ்சே அஞ்சு மாத்திரைய கத்தரிச்சு குடுத்துட்டாரு, மொத்த பைய வாங்கிட்டு கார் வந்துருச்சுன்னு ஓடி வந்துட்டேன், எண்ணிப் பாக்கல. ஊருக்கு வந்து ரெண்டு நாள்ல நான் வேலைக்கு திரும்பிட்டேன், மாத்திரை தீந்ததும் அக்கா கோர்ஸ் முடிஞ்சுருச்சுன்னு நெனச்சுக்கிட்டா. அம்மா ஒரு மாத்திரை குறைஞ்சதேன்னு சந்தோஷப்பட்டாங்க. நாலு நாள் மாத்திரை இல்லாம போச்சு. ஆகவே சம்மரில எழுதுன நாள், பைல இருக்குற மாத்திரை, ரெண்டையும் கவுண்டர்லயே நின்னு எண்ணுங்க, கடைசி தேதிய காலண்டர் தாள்ல எழுதிருங்க.

அஞ்சாவது: ஊருக்கு போற பயணம்

சென்னை, வேலூர், கோயம்புத்தூர்னு போயி ஆபரேஷன் பண்ணிட்டு ஏழெட்டு மணி நேரம் கார்ல திரும்புறது நமக்கு சகஜம். அருப்புக்கோட்டை வரைக்கும் எங்களுக்கு ஒன்பது மணி நேரம் ஆச்சு. கால தொங்கப்போட்டு அப்படியே உக்கார வச்சா அதுவும் ஆபத்துதான். கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுட்டு, அன்னைக்கு டோஸ் தவறாம போட்டுட்டு, ஒரு மணி ஒண்ணரை மணிக்கு ஒரு தடவ நிறுத்தி நாலு எட்டு நடக்க வைங்க. ராத்திரி ஸ்லீப்பர் பஸ்ல ஏத்தி விட்டுட்டு நிம்மதியா தூங்காதீங்க. முடிஞ்சா ரெண்டு நாள் பக்கத்துலயே ரூம் போட்டு தங்கிட்டு போறது எவ்வளவோ மேல்.

ஆறாவது: வீட்ல தினமும் அஞ்சு நிமிஷம்

டெய்லர் டேப் ஒண்ணு வாங்கிக்கோங்க, பத்து இருபது ரூபாதான். முட்டிக்கு கீழ முன்பக்கம் எலும்பு புடைச்சுக்கிட்டு இருக்கும்ல, அதுல இருந்து 10 சென்டிமீட்டர் கீழ பேனாவுல ஒரு கோடு போட்டு, தினமும் காலைல ரெண்டு காலையும் அதே இடத்துல சுத்தளவு எடுத்து எழுதி வைங்க. ஒரு கால் இன்னொரு கால விட 3 சென்டிமீட்டருக்கு மேல பெருசா இருந்தா டாக்டருங்களே அத ஒரு அறிகுறியா கணக்குல எடுப்பாங்க. முட்டி ஆபரேஷன் பண்ணுன கால் எப்படியும் வீங்கித்தான் இருக்கும், அதனால ஒரு நாள் அளவ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, போக்கத்தான் பாக்கணும். அம்மாவுக்கு ஆறாவது நாள் 38, பத்தாவது நாள் 36ன்னு அழகா எறங்கிக்கிட்டு வந்துச்சு, பதிமூணாவது நாள் காலைல 39. இன்னொரு கால் எப்பவும் போல 34. எறங்குனது திரும்ப ஏறுச்சு பாத்தீங்களா, அதுதான் எச்சரிக்கை மணி.

கூடவே ஆடுசதைல அமுக்குனா வலி, சூடு, கால் கனத்துப்போன மாதிரி. சிவப்பா மாறும்னு எல்லா இடத்துலயும் எழுதியிருக்கும், நம்ம தோல் கலருக்கு அது பாதி நேரம் தெரியாது, புறங்கையால தொட்டு ரெண்டு காலுக்கும் சூடு வித்தியாசம் பாருங்க. ஆபரேஷன் பண்ணாத கால்லயும் வரலாம். பாதத்த மடக்கிப் பாத்து வலிச்சாத்தான் டி.வி.டின்னு ஒரு பழைய சோதனை சொல்வாங்க, அத நம்பாதீங்க. சில பேருக்கு கால்ல ஒரு அறிகுறியும் இல்லாம நேரா நுரையீரல்லதான் தெரியும்: திடீர்னு மூச்சு வாங்குறது, மூச்ச இழுத்தா நெஞ்சுல குத்துறது, படபடப்பு, இருமல்ல ரத்தம், மயக்கம். கொரோனா அப்போ வாங்குன ஆக்ஸிமீட்டர் வீட்ல கிடந்தா எடுத்து வைங்க, வழக்கமா 97, 98 காட்டுறவங்களுக்கு 93க்கு எறங்குனா சும்மா விடக்கூடாது. ஆனா நல்ல நம்பர் காட்டுது, மூச்சு வாங்குதுன்னா நம்பர நம்பாதீங்க, ஆளத்தான் நம்பணும்.

ஏழாவது: சந்தேகம் வந்துருச்சு, இப்போ என்ன

முதல்ல நீவாதீங்க. எண்ணெய் வேணாம், ஒத்தடம் வேணாம், வர்மம் தெரிஞ்சவர கூப்பிட வேணாம். கால் மட்டும் வீங்கியிருந்தா அன்னைக்கே கால் ரத்தக்குழாய பாக்குற டாப்ளர் ஸ்கேன் இருக்குற இடத்துக்கு போங்க, மூச்சோ நெஞ்சோ மயக்கமோ சேந்துருச்சுன்னா 108, ஆட்டோ புடிச்சு கிளினிக் கிளினிக்கா அலையக்கூடாது. போனதும் முதல் வாக்கியமே "இத்தன நாள் முன்னாடி இந்த ஆபரேஷன் நடந்துச்சு, ரத்தம் கட்டியிருக்குமோன்னு பயமா இருக்கு"ன்னு இருக்கணும். கேஸ் ட்ரப்பிள்னு ஊசி போட்டு அனுப்புனா கிளம்பாம நின்னு திரும்ப கேளுங்க.

டென்னிஸ் ஆடுற செரீனா வில்லியம்ஸுக்கே இதுதான் நடந்துச்சு. 2011லயே நுரையீரல்ல கட்டி வந்து தப்புனவங்க, 2017ல சிசேரியன் ஆன மறுநாள் மூச்சு வாங்குனதும் அவங்களாவே நர்ஸ்கிட்ட சி.டி. ஸ்கேன் எடுக்கணும், ஹெப்பரின் குடுக்கணும்னு கேட்டிருக்காங்க. வலி மருந்துல குழம்பிப் பேசுறாங்கன்னு நர்ஸ் நெனச்சிருக்காங்க, டாக்டர் வந்து கால்லதான் முதல்ல ஸ்கேன் பாத்திருக்காரு, கடைசில சி.டி. எடுத்தப்போ நுரையீரல்ல கட்டிங்க. அவங்க கேட்டே வாங்க வேண்டியிருந்துச்சுன்னா நாம எம்மாத்திரம்.

டாப்ளர்ல வலியே இல்ல, தொடைலயும் முட்டிக்கு பின்னாடியும் ஜெல் தடவி கருவிய வச்சு அமுக்குவாங்க, நல்ல ரத்தக்குழாய் அமுங்கி மூடிக்கும், கட்டி இருந்தா அமுங்காது. டி-டைமர்னு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, ஆபரேஷன் ஆனவங்களுக்கு அது எப்படியும் வாரக்கணக்குல ஏறித்தான் இருக்கும், அதனால அதுல ஏறியிருக்குன்னு பதறவும் வேணாம், அத மட்டும் வச்சு முடிவு பண்ணவும் வேணாம். நுரையீரலுக்கு சாயம் ஏத்தி சி.டி.

அம்மாவுக்கு முட்டிக்கு பின்னாடி இருக்குற குழாய்ல கட்டி இருந்துச்சு, நல்லவேளை கிளம்பல. ரிவராக்ஸபான் 15 மி.கி ரெண்டு வேளை சாப்பாட்டோட 21 நாள், அப்புறம் 20 மி.கி ஒரு வேளை, மொத்தம் மூணு மாசம். மருந்து கட்டிய கரைக்கும்னு நெனச்சிருந்தேன், அப்படி இல்லையாம், பெருசாகாம புடிச்சு வைக்குது, கரைக்குறது உடம்போட வேலை. உயிருக்கு ஆபத்தான பி.இ.ன்னா மட்டும் கரைக்கிற ஊசிய ஐ.சி.யு.ல போடுவாங்க, புதுசா ஆபரேஷன் ஆன உடம்புக்கு அதுவும் கத்தி மேல நடக்குறதுதான்.

சிசேரியன் ஆனவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை

பிள்ளை பெத்த உடம்புல ரத்தம் இயல்பாவே சீக்கிரம் உறையும், சிசேரியன் அதுக்கு மேல. நம்ம வீடுகள்ல என்ன பண்றோம்? வயிறு பெருத்துரும்னு தண்ணி குடுக்காம வாய் நனைக்க மட்டும் குடுக்குறது, குளிர் படாம மூலைல படுக்க வைக்கிறது. பிரசவத்துக்கு அப்புறம் மூளை ரத்தக்குழாய்ல கட்டி வர்றத நம்ம நாட்டு டாக்டருங்க பல வருஷமா எழுதிக்கிட்டு வர்றாங்க, உடம்பு வறண்டு போறதையும் ஒரு காரணமா சொல்றாங்க. பிரசவம் ஆனவளுக்கு விடாத தலைவலி, பார்வை மங்கல், வலிப்புன்னு வந்தா திருஷ்டி கழிச்சுட்டு உக்காராதீங்க. பத்தியம் வேணும்னா பூண்டு குழம்போட இருக்கட்டும், தண்ணிக்கு பத்தியம் கிடையாது. மாமியார்கிட்ட நீங்க சொன்னா எடுபடாது, நர்ஸ விட்டு சொல்ல வைங்க.

இன்னொன்னு காதுல விழும், "இதெல்லாம் வெள்ளக்காரங்களுக்கு வர்றது, நம்மாளுங்களுக்கு வராது"ன்னு. ஒரு காலத்துல டாக்டருங்களே அப்படி சொன்னதுண்டு. 2008ல 32 நாடுகள்ல 68,000 நோயாளிங்கள பாத்த ஆய்வுல, ஆபரேஷன் நோயாளிங்கள்ல 64 சதவீதம் பேருக்கு ரத்தம் கட்டுற ஆபத்து இருந்துச்சு, ஆபத்து இருந்தவங்கள்லயே தடுப்பு மருந்து ஒழுங்கா கிடைச்சது 59 சதவீதம் பேருக்குத்தான். இந்தியால அப்படி கிடைச்சவங்க சதவீதம் அதவிட ரொம்ப கீழ. தேடாததால கண்ணுக்கு தெரியலேன்னுதான் எனக்கு தோணுது, பெரியப்பா மாதிரி எத்தன பேரு மாரடைப்பு கணக்குல போயிருக்காங்களோ.

மருந்து கோர்ஸ் முடிஞ்சப்புறமும் ஒரு வேலை பாக்கி இருக்கு. ஒரு தடவ கட்டுனவங்களுக்கு அடுத்த ஆபரேஷன்ல காப்ரினி மார்க் மூணு கூடுது, பல்லு புடுங்குனாலும் சரி கண்புரைனாலும் சரி, டாக்டர்கிட்டயும் மயக்க மருந்து டாக்டர்கிட்டயும் சொல்லணும். கால் வீக்கமும் கனமும் மாசக்கணக்குல நீடிச்சா அதுக்கும் பேர் இருக்கு, வைத்தியம் இருக்கு, வயசாயிருச்சுன்னு விடாதீங்க. அம்மாவுக்கு இடது முட்டி இன்னும் பாக்கி, அடுத்த தை மாசம் பாக்கலாம்னு இருக்கோம். ஃபைல்ல முதல் பக்கமா அந்த டாப்ளர் ரிப்போர்ட்ட பின் அடிச்சு வச்சிருக்கேன், டேப்பும் அதே பைலதான் இருக்கு.